வீட்டுக் கல்வியா, வீட்டுச் சிறையா?

"வீட்டுக் கல்வி" என்னும் சொல் இந்நாளில் நம்மவர் நடுவே மிக இனிமையாக ஒலிக்கத் தொடங்கியிருக்கின்றது. வசதி படைத்த சிலர், பாடசாலையின் இரைச்சலும் பரீட்சையின் கெடுபிடியும் தம் மக்களுக்கு ஒவ்வா என்று கண்டு, புத்தகங்களை வருவித்து, பயிற்சி பெற்ற உபாத்தியாயரை அமர்த்தி, வீட்டையே பள்ளியாக்கிக் கொள்கின்றனர். அவர்களை நாம் குறை கூற வரவில்லை. தம் பிள்ளைக்கு எது தகும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

ஆனால் அதே சொல், அம்பாங் வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில், இரவுக் காவல் வேலை பார்க்கும் தகப்பனுக்கும் துப்புரவு வேலைக்குப் போகும் தாய்க்கும் சொல்லப்படும்போது அதன் பொருள் முற்றிலும் மாறிவிடுகின்றது. பேச்சு வராத பிள்ளையையோ, மணியோசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையையோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அத்தாய் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள். "அம்மா, உங்கள் பிள்ளைக்கு இங்கே சரிப்பட்டு வராது. வீட்டிலேயே வைத்து நாலெழுத்துச் சொல்லிக் கொடுங்கள்" என்று அன்பு குழைந்த குரலில் விடை வருகின்றது. இந்த வாக்கியத்தில் கல்வி எங்கே இருக்கின்றது? கற்பிப்பவர் யார்? எதைக் கொண்டு கற்பிப்பது? கற்றதா இல்லையா என்று பார்ப்பவர் யார்? ஒன்றுக்கும் பதில் இல்லை. கதவை அடைப்பதற்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்திருக்கின்றது, அவ்வளவே.

நம் வாதம் இதுதான். பெற்றோர் விரும்பித் தேர்ந்து, சர்க்கார் உபாத்தியாயரையும் கருவியையும் பயிற்சியையும் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தால், அது வீட்டுக் கல்வி. பள்ளி கைகழுவிவிட, வேறு போக்கிடம் இன்றிக் குடும்பம் ஏற்றுக்கொண்டால், அது வீட்டுச் சிறை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது மோசடி.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2002-இல் திருத்தப்பட்டு, 2003 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. ஆறு வயது நிறைந்த பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கத் தவறிய பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்புவோர் அமைச்சரிடம் விலக்குப் பெற வேண்டும். இது ஒரு பக்கம்.

மறு பக்கம், 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம். உடற்குறையோ அறிவுக்குறையோ காரணமாக எவரையும் பொதுக் கல்வி முறையிலிருந்து விலக்கலாகாது என்று அதன் 28-ஆம் பிரிவு கூறுகின்றது. கேட்க எவ்வளவு இதமாயிருக்கின்றது! ஆனால் அச்சட்டத்தை இயற்றியவர்கள் அதை மீறுவோருக்கு ஒரு காசு அபராதமும் எழுதி வைக்கவில்லை. சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதபடி பாதுகாப்புப் பிரிவை மாத்திரம் மறவாமல் எழுதி வைத்தார்கள். சேர்க்காத பெற்றோருக்குச் சிறை உண்டு. சேர்த்துக்கொள்ளாத பள்ளிக்கு ஒன்றுமில்லை! இந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றது என்பதைக் கண்ணிருப்போர் காணலாம். "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வாய்மொழியை நம்பிய ஏழைத் தாய், விலக்குக் கடிதம் ஒன்று கையில் இல்லாத காரணத்தால், சட்டத்தின் முன் தானே குற்றவாளியாகி நிற்கிறாள். அனுப்பிவிட்டவரோ ஒரு வரியும் எழுத்தில் கொடுக்கவில்லை. கிராணி வேலை பார்க்கும் நமக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. எழுத்தில் இல்லாத உத்தரவுக்குப் பொறுப்பாளி எப்போதும் கீழே இருப்பவனே.

"கற்பிக்கத் தக்க பிள்ளை" என்றொரு பதப் பிரயோகம் உண்டு. பிறர் துணையின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக் கூடிய பிள்ளையும், தேசியப் பாடத்திட்டத்தைக் கற்கவல்லது என்று குழுவொன்று உறுதிசெய்த பிள்ளையுமே சிறப்புக் கல்விக்கு உரியன என்று 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள் வகுத்தன. கடும் ஊனமும் பல ஊனங்களும் ஒருங்கே உடைய பிள்ளைகள் அவ்வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். இங்கிலாந்து தேசத்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், "கற்பிக்க முடியாதவர்" என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் கல்வி இலாகாவின் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார்கள். அந்தப் பாகுபாடு அங்கே 1970-இல் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது. எந்தப் பிள்ளையும் கல்விக்குப் புறம்பன்று என்று வெள்ளையன் ஒப்புக்கொண்டு இருபத்தேழு ஆண்டு கழித்து, அவன் தூக்கியெறிந்த முத்திரையை நாம் பொறுக்கியெடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டோம்! 2013-இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. பிள்ளையை மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலத்தில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடும் அவற்றுள் இருந்தது. ஒருவரையும் திருப்பியனுப்பாக் கொள்கை என்று 2019-இல் கல்வியமைச்சு அறிவித்தது. நல்லதே. ஆயினும் தமிழ்ப் பள்ளிகளின் நிலை என்ன? ஐந்நூறுக்கு மேற்பட்ட அப்பள்ளிகளுள் பெரும்பாலானவற்றில் சிறப்புக் கல்வி வகுப்பே இல்லை. இருக்கும் இடத்தைத் தேடிப் போனால், அங்கே கற்பிக்கும் மொழி, பிள்ளை இதுகாறும் தாய்மடியில் கேட்ட மொழியன்று. பேச்சே வராத பிள்ளைக்கு, அது கேட்டறியாத மொழியில் பேச்சுப் பயிற்சி! திருப்பியனுப்பவில்லை என்று மார்தட்டினால் போதுமோ? உள்ளே அழைத்து உட்கார வைத்த பின்பும் கற்பித்தாக வேண்டுமல்லவா?

தோட்டத்துத் தமிழருக்கு இந்த நாடகம் பழைய நாடகம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் துரைமாருக்குக் கட்டளையிட்டது. துரைமார் என்ன செய்தார்கள்? பல தோட்டங்களில் ஒரு கொட்டகையைக் காட்டினார்கள். கங்காணியையோ கிராணியையோ உபாத்தியாயர் என்றார்கள். பிள்ளைகளின் பெயரை ஏட்டில் ஏற்றினார்கள். சட்டம் திருப்தியடைந்தது, பிள்ளை பால்மரத்துக்கே போயிற்று. எங்கள் முன்னோரான கிராணிமார் அந்த ஏட்டை எழுதினார்கள் என்பதால், பெயர் மட்டும் இருந்து பொருள் இல்லாத கல்வி எப்படியிருக்கும் என்பது எங்களுக்கு நன்றாய்த் தெரியும். அன்று "கூலிக்காரன் மகனுக்கு இது போதும்" என்றார்கள். இன்று "இந்த மாதிரிப் பிள்ளைக்கு வீடு போதும்" என்கிறார்கள். சொல்லுகிற வாய் மாறியிருக்கின்றது. "போதும்" என்ற சொல் மாறவில்லை.

இனி, "வீட்டில் கற்று உலகப் புகழ் பெற்றவர்கள் இல்லையா? ஹெலன் கெல்லர் அம்மையார் வீட்டில் கற்றவர்தானே?" என்று கேட்பார் உளர். நன்றாகக் கேட்டார்கள். 1880-இல் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் பிறந்து, இரண்டு வயது நிரம்பு முன்னரே நோயினால் கண்ணும் செவியும் இழந்தவர் அவர். 1887 மார்ச்சு மாதம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் ஆன் சல்லிவன் என்னும் இளம் ஆசிரியை. அவர் சும்மா வந்தவர் அல்லர். பாஸ்டனிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் பயின்று, அங்கே கண்ணும் செவியும் அற்ற ஒருவருக்குக் கற்பித்த முறையை அறிந்துகொண்டு, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு வந்தவர். ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் "தண்ணீர்" என்னும் சொல்லின் எழுத்துக்களை விரலால் எழுதிய அந்தக் கணத்துக்குப் பின்னே ஒரு பள்ளியின் அனுபவம் நின்றது. 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் கெல்லர் பட்டம் பெற்றபோதும் சல்லிவன் பக்கத்தில் இருந்தார். இதிலிருந்து விளங்குவது என்ன? பள்ளியானது ஓர் ஆசிரியை உருவில் வீட்டுக்கு நடந்து வந்தது. நம் அம்பாங் தாயிடம் யார் நடந்து வந்தார்கள்?

நம் இலக்கியத்தையே புரட்டினாலும் இதே பாடம் கிடைக்கும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணில்லாதவர். அவர் முதுகில் எழுத்துக்களை எழுதிக் காட்டிக் கற்பித்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. செய்தி மெய்யோ புனைவோ, அதைச் சொல்லி வந்த தமிழரின் உள்ளக் கருத்தைக் கவனியுங்கள். கண் இல்லையா, தோல் இருக்கின்றது. ஏடு வேண்டாமா, முதுகு இருக்கின்றது. பிள்ளைக்கு ஏற்ப முறையை மாற்றுவதே உபாத்தியாயரின் வேலை என்று அறிந்த சமூகம் அது. குருடரும் முடவருமாகிய இரட்டைப் புலவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராய்ச் சென்று பாடினார்கள் என்று பெருமை பேசும் நாம், நம் வீட்டுப் பிள்ளையை வாசல் தாண்ட விடுவதில்லை. புலவர் கதைக்கு மேடையில் கைதட்டு. சொந்தப் பிள்ளைக்கு உள் அறையும் தாழ்ப்பாளும்!

வீட்டில் கற்பித்தல் எளிய காரியம் என்று எண்ணுவோர், ஒரு சட்டைப் பொத்தானைப் போடக் கற்பித்துப் பார்க்கட்டும். நாம் ஒரு நொடியில் செய்யும் அவ்வேலையை ஏழெட்டுப் படிகளாகப் பிரிக்க வேண்டும். கடைசிப் படியை மாத்திரம் பிள்ளையின் விரலுக்கு விட்டு, அது கைவந்த பின் அதற்கு முந்திய படி, பிறகு அதற்கும் முந்தியது என்று பின்னோக்கிப் போக வேண்டும். அப்பொழுது ஒவ்வொரு முறையும் முடித்து வைத்த மகிழ்ச்சி பிள்ளைக்குக் கிட்டும். பேச்சு வராத பிள்ளை தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கொடுத்தால் தண்ணீர் கொடுப்பதும், அதையே ஆயிரம் முறை சலியாமல் செய்து, "கேட்டால் கிடைக்கும்" என்ற உண்மையை அதன் உள்ளத்தில் ஊன்றுவதும் ஒரு கலை. பசார் மாலாமில் இரண்டு ரிங்கிட் கொடுத்து மீதி வாங்கச் செய்வது கணக்குப் பாடம். இவையெல்லாம் வீட்டில் மிகச் சிறப்பாய் நடக்கக் கூடியவையே. பள்ளியிலும் பார்க்க வீட்டில் இவை பொருத்தமாய் நடக்கும் என்றும் ஒப்புக்கொள்வோம். ஆனால் இவை தாயின் பாசத்தினால் மட்டும் தாமாக வருவன அல்ல. யாரேனும் அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மருத்துவமனை தாதிக்குப் பயிற்சி வேண்டும் என்கிறோம். மோட்டார் ஓட்டுபவனுக்கு லைசென்சு வேண்டும் என்கிறோம். இந்த அரிய கல்விக்கு மட்டும் "தாயன்பு போதும்" என்பது பசப்பு வார்த்தை அன்றோ?

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தனியாரிடம் பேச்சுப் பயிற்சிக்கோ கைத்தொழிற் பயிற்சிக்கோ போனால் ஒரு மணி நேரத்துக்கு நூறு ரிங்கிட்டும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று நூறு வீதம் கணக்கிட்டால், நான்கு வாரத்துக்கு 1,600 ரிங்கிட் ஆகின்றது. 2025-இல் சர்க்கார் உயர்த்தி நிர்ணயித்த குறைந்த மாதச் சம்பளமோ 1,700 ரிங்கிட். எஞ்சிய நூறு ரிங்கிட்டில் வாடகையும் அரிசியும் மின்சாரமும்! சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித் தொகை உண்டு என்பர். அது பள்ளியில் பதிவானவர்களுக்கு உரியது. பள்ளி தள்ளிவிட்ட பிள்ளைக்கு அந்த வாசலும் அடைபடுகின்றது. அதனால் என்ன நேர்கின்றது? தாய் வேலையை விடுகிறாள். ஒரு சம்பளம் போகின்றது. அவளும் முடியாதபோது, பதின்மூன்று பதினான்கு வயது மூத்த பெண் பள்ளியை விட்டு நின்று தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு பிள்ளைக்குப் பள்ளி இல்லையென்று தொடங்கி, இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையென்று முடிகின்றது. மூத்த மகன் இவ்வாறு நின்றதை நாம் கண்டதில்லை. எப்பொழுதும் பெண்ணே நிற்கிறாள். இந்தக் கல்விக்கு யார் தலையில் செலவு எழுதப்படுகின்றது என்பதை இதைவிடத் தெளிவாய்க் காட்ட வேண்டுமோ?

சர்க்காரைக் கண்டித்து நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களே ஆவோம். நம் சமூகத்தின் பங்கு கொஞ்சமன்று. மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைக் கண்டால், "அப்பனும் தாமதமாய்த்தான் பேசினான்" என்று ஒரு வருஷம் போக்குகிறோம். பிறகு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷம். செய்வினை எடுப்பவரிடம் ஒரு வருஷம். பரிகாரம், நேர்த்திக்கடன், தாயத்து என்று ஒரு வருஷம். செவி கேட்கின்றதா என்று சோதித்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கக் கூடிய செவிட்டுத் தன்மை, ஆறாம் வயதில் பள்ளிக்கூட வாசலில் கண்டுபிடிக்கப்படுகின்றது. மூளை விரைந்து வளரும் அந்த அருமையான ஆண்டுகளை எந்தக் கிரகம் தின்றது? நாமே தின்றோம். அதன் மேல் "பூர்வ ஜன்ம பாவம்" என்று தாயின் தலையில் ஒரு பழி! மூத்த பெண்ணுக்கு வரன் தட்டிப் போகும் என்று, விருந்தாளி வரும்போது பிள்ளையை உள் அறையில் வைத்துப் பூட்டும் வீடுகளும் உண்டு.

மேல்நாட்டாரும் இப்பழியினின்று தப்பவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்னும் கொள்கை அங்கே பல ஆண்டுகள் படித்தவர் நடுவில் அரசு செலுத்திற்று. 1964-இல் பெர்னார்டு ரிம்லண்டு என்பவர் அதை மறுத்து நூல் எழுதினார். அவர் ஒரு மனநூல் அறிஞர். அதே நிலையுள்ள ஒரு பிள்ளைக்குத் தகப்பனும் ஆவார். அவர்கள் ஒரு பொய்யைச் சாஸ்திரத்தின் பெயரால் சொன்னார்கள். ஆராய்ச்சியால் அது வீழ்ந்தது. நாமோ நம் பொய்யை விதியின் பெயரால் சொல்லுகிறோம். அதை வீழ்த்த எவரும் துணிவதில்லை. ஆங்கிலம் படித்த நம் இளைஞர்களும், தோட்டத்தில் தலைவர் என்று சொல்லிக்கொள்பவர்களும் இவ்விஷயத்தில் வாய்மூடி இருப்பது வெட்கக் கேடு.

ஓர் ஆட்சேபத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். "ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை உபாத்தியாயர் என்ன செய்வார்? சக மாணவரின் கேலிக்கு ஆளாகாமல் வீட்டில் நிம்மதியாய் இருப்பது பிள்ளைக்கு நல்லதன்றோ?" என்பர். உபாத்தியாயரின் கஷ்டம் மெய். அதற்கு மருந்து இன்னும் ஓர் உபாத்தியாயரே. ஒரு பிள்ளையைக் குறைப்பதன்று. கேலியும் மெய். ஆனால் இத்தகைய பிள்ளையை ஒருநாளும் பாராமல் வளர்ந்த பிள்ளைகளே பெரியவர்களான பின் பஸ்ஸிலும் கோயிலிலும் முறைத்துப் பார்க்கின்றனர். பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்ப் பாருங்கள். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதனால், வெள்ளைக் கோலை ஊன்றி வேலைக்குப் போவோரைக் கண்டு அத்தெருவில் யாரும் திகைப்பதில்லை. பலகாரக் கடைக்காரர் பேச்சை நிறுத்துவதில்லை. அவர்கள் வீட்டிலேயே நிம்மதியாய் இருந்திருந்தால் அத்தெரு அப்படிப் பழகியிருக்குமோ?

வேறு தேசங்களில் வீட்டுக் கல்வியை எவ்வாறு வைத்திருக்கின்றனர்? ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று 1975-இல் அமெரிக்கா இயற்றிய கல்விச் சட்டம், சிறப்புக் கல்வி என்பதற்குப் பொருள் கூறும்போது, வீட்டில் கற்பிப்பதையும் அதனுள் அடக்கி, பெற்றோருக்குச் செலவின்றி அளிக்கப்பட வேண்டும் என்று வைத்தது. "செலவின்றி" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கின்றது நியாயம். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டு, கடும் ஊனமுடைய பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாயிற்று. பள்ளிகள் இதைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளை வெளியே தள்ளும் என்று அங்குள்ள ஊனமுற்றோர் இயக்கத்தார் அப்பொழுதே எச்சரித்தார்கள். தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றோருடையது. தள்ளிவிடும் உரிமை பள்ளிக்கு இல்லை. இந்த எல்லைக் கோட்டை அழியாமல் காப்பதே நம் வேலை.

ஆகவே நாம் கேட்பன இவை. முதலாவது, பிள்ளையை மறுக்கும் எந்தப் பள்ளியும் காரணத்தைக் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டாவது, வீட்டில் கற்கும் பிள்ளையின் பெயரும் பக்கத்துப் பள்ளியின் ஏட்டில் இருக்க வேண்டும். வாரந்தோறும் சிறப்புக் கல்வி உபாத்தியாயர் ஒருவர் அவ்வீட்டுக்கு வர வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குரிய உதவித் தொகை அதற்கும் வர வேண்டும். மூன்றாவது, தமிழில் பேச்சுப் பயிற்சி அளிக்கவல்லோரைச் சர்க்கார் தயாரிக்க வேண்டும். நம் பிள்ளைகளுள் மேற்படிப்புக்குப் போவோரும் டாக்டர், வக்கீல் என்பதோடு நில்லாமல் இத்துறைக்கு வர வேண்டும். நான்காவது நமக்கு. 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையத் திட்டம் இன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கின்றது. கிள்ளானிலும் அம்பாங்கிலும் நம்மவர் எத்தனை பேர் அம்மையங்களின் வாசலை மிதித்திருக்கிறோம்? சமூகநல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை வாங்குவதை அவமானமாக நினைத்து எத்தனை பேர் தள்ளிப் போட்டிருக்கிறோம்? விசேஷ நாளில் மட்டும் திறக்கும் நம் சங்க மண்டபங்களை வாரத்தில் இரண்டு நாள் இப்பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் திறந்துவிட்டால் என்ன குறைந்துபோகும்?

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செக்ரோலில் பெயர் இல்லாதவன் விடியற்காலைப் பெரட்டில் நின்றாலும் ஆளாக எண்ணப்பட மாட்டான். நாம் வீட்டுக்குள் மறைத்து வளர்க்கும் பிள்ளை பள்ளி ஏட்டிலும் இல்லை, இலாகா ஏட்டிலும் இல்லை, அண்டை வீட்டார் நினைவிலும் இல்லை. பெற்றவர்கள் இருக்கும் மட்டும் அதற்கு உலகம் உண்டு. அவர்கள் கண்ணை மூடிய மறுநாள், நாற்பது வயதில் தன் பெயரைச் சொல்லத் தெரியாமல், ரொட்டிக்குக் கை நீட்டக் கூடப் பழகாமல் நிற்கும் அந்த மனிதனை யார் கண்டுபிடிப்பார்? "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்று இரவில் விழித்திருந்து கேட்கும் ஒவ்வொரு தாய்க்கும் உரிய பதில், இன்றே அவன் பெயரை ஏட்டில் ஏற்றுவதுதான். ஏற்ற மறுப்பவரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். ஊரே போய்க் கேட்டால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பதில் சொல்வார்கள்.